கேழ்வரகும் ஏரியும் இரண்டு குடங்களும்
(நம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை)

நைல் நதியின் வண்டலைப் பற்றி எழுதச் சொன்னால் நம்மில் பலர் இரண்டு பக்கம் எழுதிவிடுவோம். ஆனால் நம் வீட்டுக் குடத்தில் இருக்கும் நீர் எந்தப் பாறையைத் தொட்டு வந்தது என்று கேட்டால் விழிப்போம். நம் ஊர்களில் வாழ்கிறோம்; அவற்றைப் பாடமாகப் படித்ததில்லை. இந்தக் குறையை ஓரளவேனும் போக்க எண்ணி, எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் அவர்களின் துணையோடு, அரையாண்டு விடுமுறையில் எங்கள் வகுப்பு மாணவிகள் மூன்று நாட்கள் ஒரு சிற்றூருக்குச் சென்று வந்தோம்.

அவ்வூர் தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையை விட்டு உள்ளே விலகி இருக்கிறது. ஏறத்தாழ நூறு வீடுகள். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று ஊரார் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம்தான் இக்கட்டுரையின் கருப்பொருளும் ஆகும். அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

மண்ணும் மழையும்

முதலில் நம் மாவட்டத்தின் இயற்கையைச் சிறிது அறிந்துகொள்வோம். 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் உருவாயிற்று. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இன்றைய தருமபுரி மாவட்டத்தில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 15 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்கள் கிராமவாசிகள். ஆகவே சிற்றூரைப் படிப்பது என்பது நம் மாவட்டத்தையே படிப்பதாகும்.

இங்கே ஓர் ஆண்டில் பெய்யும் மழை சராசரியாக 85 சென்டிமீட்டர் அளவே. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகின்றன. மேலே செம்மண். அதன் கீழே கருங்கல் பாறை. மணற்பாங்கான பூமியைப் போல் இந்தப் பாறை நீரைக் குடித்து வைத்துக்கொள்ளாது. அதன் வெடிப்புகளுக்குள் கசிந்து இறங்கும் சிறிதளவு நீரே நமக்கு நிலத்தடி நீர்.

"நம் மாவட்டத்தில்தானே காவிரி ஓடுகிறது?" என்று சிலர் கேட்கலாம். ஓடுகிறது. மேற்கெல்லையில் ஒகேனக்கல்லில் பெரும் ஓசையுடன் விழுந்து மேட்டூர் நோக்கிப் போகிறது. ஆனால் ஆறு ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. நம் வயல்களோ மேட்டில் இருக்கின்றன. தஞ்சைக்கு நெல் விளைவித்துக் கொடுக்கும் அதே காவிரி, நம் பென்னாகரத்து உழவருக்குக் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத நீர். தென்பெண்ணை அரூர் வட்டத்தைத் தொட்டுச் சாத்தனூருக்குச் செல்கிறது. சின்னாறு, நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு போன்ற சிற்றாறுகளில் சிறு அணைகள் உண்டு. அவற்றின் வாய்க்கால் எட்டாத ஊர்களே மிகுதி. நாங்கள் சென்ற ஊரும் அத்தகையதே.

ஊரின் பழமை

நம் பகுதி ஊர்ப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மாரண்டஅள்ளி, தும்பலஅள்ளி என்று பல பெயர்கள் 'அள்ளி' என முடியும். கன்னடத்தில் 'ஹள்ளி' என்றால் கிராமம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே கிணற்றில் நீர் மொண்டு வாழ்ந்ததற்கு அப்பெயர்களே சான்று.

ஊர்க் கோடியில், புளிய மரத்தடியில், மண்ணில் பாதி புதைந்த நடுகல் ஒன்றைக் கண்டோம். வில்லேந்திய வீரனின் உருவம் அதில் தேய்ந்து தெரிந்தது. நம் மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரை காக்கப் போரிட்டு மாண்டவர்களுக்கு எடுத்த கற்கள் பல. மாடே செல்வமாக இருந்த வறண்ட நிலத்தின் வரலாறு அக்கற்களில் இருக்கிறது. தகடூர் என்று பெயர் பெற்றிருந்த இந்நாட்டை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை ஔவையாருக்கு ஈந்த கதையை நாம் அறிவோம். அந்த நெல்லியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

வானம் பார்த்த பூமி

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பழமொழி. இவ்வூரில் அது பழமொழி அன்று, நாட்காட்டி. கோடை மழையில் ஒரு முறை உழுது போட்டு, ஆடியில் மழை கண்டதும் கேழ்வரகு விதைக்கிறார்கள். கேழ்வரகை மட்டும் தனியே விதைப்பதில்லை. சில வரிசைகளுக்கு ஒரு வரிசை அவரையும் துவரையும் போடுகிறார்கள். ஓரங்களில் ஆமணக்கு. இதன் பொருளை ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்களுக்கு விளக்கினார்.

"மழை நின்னு போச்சுன்னா கேவுறு காயும். அப்பவும் தொவரை ஆழமா வேர் விட்டு நிக்கும். மழை நல்லா பேஞ்சா ரெண்டும் வீட்டுக்கு வரும். ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கணும்னுதான் எங்க அப்பாரு காலத்துல இருந்து இப்படி."

இதைக் கேட்ட சிஸ்டர், "பெரியவர் ஒரே நிமிடத்தில் பொருளாதாரப் பாடம் நடத்திவிட்டார்" என்றார்கள்.

நிலக்கடலை, சாமை, எள், கொள்ளு ஆகியவையும் இங்கே விளைகின்றன. வசதி உள்ளவர்கள் கிணற்று நீரில் தக்காளி, மரவள்ளி, மஞ்சள் பயிரிட்டுப் பாலக்கோடு, அரூர்ச் சந்தைகளுக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் சென்றபோது மார்கழி மாதம். கேழ்வரகுக் கதிர்களை அறுத்துப் போர் போட்டு முடித்திருந்தார்கள். களத்தில் மாடு கட்டி அடித்த காலம் போய், இப்போது கதிர்களைத் தார்ச்சாலையிலேயே பரப்பிவிடுகிறார்கள். பேருந்தும் லாரியும் ஏறிப் போகப் போக மணி உதிர்கிறது. பெண்கள் முறத்தால் காற்றில் தூற்றி மணியைப் பிரிக்கிறார்கள். கொள்ளு இன்னும் கொல்லையில் நின்றது. அவரைப் பந்தலும் கொல்லையும் எங்கும் பூத்துக் காய்த்துக் கிடந்தன.

கேழ்வரகு நம் மண்ணில் தோன்றியதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்களில் பயிராக்கப்பட்டுப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தது. குறைந்த மழையில் விளையும். விளைந்த மணியை மண்குதிரில் கொட்டி வைத்தால் ஆண்டுக்கணக்கில் பூச்சி பிடிக்காது. பஞ்சம் வரும் நாட்டுக்கு இதைவிட ஏற்ற தானியம் வேறு இல்லை எனலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக் கழக ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நம் மானாவாரி நிலத்துக்கு ஏற்ற கேழ்வரகு, சாமை வகைகள் வெளிவந்திருக்கின்றன.

களியும் கடைசலும்

இரண்டாம் நாள் எங்களுக்குக் களி கிண்டிப் போட்டார்கள். முதலில் நொய்யரிசியை உலையில் வேகவைத்து, அதன் மேல் கேழ்வரகு மாவைக் கொட்டி, சிறிது நேரம் வேகவிட்டுப் பின் மரத்துடுப்பால் கட்டி இல்லாமல் கிண்ட வேண்டும். பானையைக் காலால் அண்டை கொடுத்துக்கொண்டு இரு கைகளாலும் கிண்டுகிறார்கள். எங்களில் இருவர் முயன்று பார்த்துத் துடுப்பை அசைக்கவும் முடியாமல் திரும்பக் கொடுத்துவிட்டோம். உருட்டி வைத்த களிக்குக் கொள்ளுக் கடைசல். சிறிது எண்ணெய். அவ்வளவே விருந்து.

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிக்குக் களியோ கூழோ கொண்டுவர நம்மில் பலர் கூச்சப்படுகிறோம். வீட்டில் களி தின்றுவிட்டு வகுப்பில் இட்லி தின்றதாகச் சொன்னவர்களும் நம்மிடையே உண்டு. அரிசி உயர்ந்தது, கேழ்வரகு ஏழையின் உணவு என்ற எண்ணம் எப்படியோ நம் மனத்தில் ஊறிவிட்டது. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடிற்று. அதே ஆண்டில் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் நியாய விலைக் கடைகளில் அரிசிக்கு ஈடாக அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நாம் மறைத்து உண்டதை உலகம் தேடி வந்திருக்கிறது.

ஏரியும் கிணறும்

ஊருக்கு மேற்கே ஓர் ஏரி இருக்கிறது. சுற்றியுள்ள கரடுகளில் பெய்யும் மழை ஓடைகள் வழியே அதில் வந்து சேரும். ஏரி நிறைந்தால் கோடி வழியே வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். ஏரிப் பாசனத்தில் சில ஏக்கர் நெல் விளைந்த காலம் ஒன்றுண்டு. கோடையில் ஏரி வற்றியதும் உழவர்கள் வண்டல் மண்ணை வண்டி கட்டிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டுவார்கள். அதனால் நிலமும் வளம் பெற்றது. ஏரியும் ஆழம் குறையாமல் இருந்தது. இந்தப் பொது வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர்.

ஏரியின் பெரிய உதவி நெல் அன்று, கிணறு. ஏரியில் நீர் நின்றால் அதைச் சுற்றிய கிணறுகளில் எல்லாம் நீர் ஊறும். மாடுகளைப் பூட்டித் தோற்பையால் நீர் இறைக்கும் கவலை அந்நாளில் இருந்தது. இரண்டு மாடு ஒரு நாளில் எவ்வளவு இறைக்க முடியுமோ அவ்வளவே நீர் எடுத்தார்கள். இரவில் கிணறு மீண்டும் ஊறிவிடும். பின்னர் மின்சார மோட்டார் வந்தது. மாடு களைத்து நிற்கும்; மோட்டார் களைப்பதில்லை. கிணறுகள் வற்றின. கிணற்றை ஆழப்படுத்தினார்கள். அதுவும் வற்றியபின் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். முந்நூறு அடி, ஐந்நூறு அடி, இன்று ஆயிரம் அடியும் தாண்டிப் போடுகிறார்கள். ஏரிக்கு வரும் ஓடைகளில் மண் மேடிட்டது. கருவேல முள் அடர்ந்தது. கிணறு இருக்கிறதே என்று ஏரியை மறந்தார்கள். ஏரியை மறந்ததால் கிணறு போயிற்று.

நாங்கள் தங்கியிருந்த வீட்டு ஆயா சொன்னது இது: "அப்பல்லாம் கெணத்துல குனிஞ்சு சொம்பால மொண்டுக்குவோம் கண்ணு. இப்போ தண்ணி பாதாளத்துக்குப் போயிருச்சு. பாதாளத்துத் தண்ணி நல்ல தண்ணியா இருக்குமா?"

ஆயா படித்தவர் அல்லர். ஆனால் அவர் கேட்ட கேள்வி விஞ்ஞானக் கேள்வி.

பல்லில் படிந்த கறை

இப்போது ஊரின் பெயரை எழுதாத காரணத்தைக் கூறுகிறோம்.

அவ்வீட்டில் எங்கள் வயதொத்த பெண் ஒருத்தி இருந்தாள். எங்களோடு நன்றாகப் பழகினாள். நாங்கள் களி கிண்டத் தெரியாமல் தவித்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் சிரிக்கும்போதெல்லாம் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். அவள் பற்களில் பழுப்புக் கறை படிந்திருந்தது. அவள் தம்பிக்கும் அப்படியே. அந்தத் தெருவில் பலருக்கும் அப்படியே. "கறைப்பல் ஊர் என்று பெயர் வந்துவிட்டால் பெண் கேட்டு யார் வருவார்கள்?" என்பதுதான் ஊராரின் அச்சம்.

இதை எழுதும் எங்களிலும் நால்வருக்கு அத்தகைய பற்கள் உண்டு. குழுப் புகைப்படம் எடுக்கும்போது உதட்டை இறுக்கி நிற்பவர்கள் யார் என்று இதுவரை நாங்கள் கவனித்ததில்லை. அன்று மாலை சிஸ்டர் எங்களையெல்லாம் திண்ணையில் உட்காரவைத்து விளக்கினார்கள்.

கருங்கல் பாறையில் உள்ள சில கனிமங்களில் ஃபுளோரின் என்னும் தனிமம் கலந்திருக்கிறது. நீர் அப்பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கினால் அது சிறிது சிறிதாகக் கரைந்து ஃபுளோரைடு உப்பாக நீரில் சேர்கிறது. ஏரி நீரிலும், மழை நீர் ஊறும் மேல்மட்டக் கிணற்று நீரிலும் இது பொதுவாகக் குறைவு. ஆழத்தில் பல ஆண்டுகள் பாறையோடு பாறையாகக் கிடந்த நீரில் மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பதும், வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பதும் இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்டால் கேடு தொடங்கும்.

குழந்தைப் பருவத்தில், ஈறுக்குள் பல்லின் மேற்பூச்சு உருவாகும் காலத்தில், இந்நீரைக் குடித்தால் பல்லில் வெண்கோடுகளும், கூடினால் பழுப்புக் கறையும் குழிகளும் தோன்றும். ஏறத்தாழ எட்டு வயதுக்குள் இது நடந்துவிடுகிறது. ஆகவே பல் விளக்காததால் வருவதன்று இக்கறை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அன்று. செங்கல் தூளாலும் சாம்பலாலும் தேய்த்தால் கறை போகாது, பல்தான் தேயும். பெரியவர்கள் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் படிந்து கழுத்தும் முதுகும் முழங்காலும் விறைத்துப்போகும். வயதுக்கு மீறிக் குனிந்து நடப்பவர்களை அவ்வூரில் கண்டோம்.

இந்நோய் நம் ஊரின் சாபமும் அன்று. 1937-ஆம் ஆண்டிலேயே, அந்நாள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் மருத்துவர்கள் இதனைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆந்திரம், இராஜஸ்தானம், குஜராத் முதலிய மாநிலங்களிலும் உண்டு. கேழ்வரகைத் தந்த கிழக்கு ஆப்பிரிக்காவிலும், கென்யா, தான்சானியா, எத்தியோப்பியா நாடுகளின் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கில், இதே கறையோடு வாழும் மக்கள் உண்டு.

இவ்வளவும் கேட்ட பிறகு அந்தப் பெண் கேட்ட ஒரே கேள்வி: "அப்போ இது நான் செஞ்ச தப்பு இல்லையா, சிஸ்டர்?"

"இல்லை அம்மா. உன் தப்பு ஒன்றும் இல்லை" என்றார்கள் சிஸ்டர்.

காவிரி மேடேறிய கதை

இத்துன்பத்திற்கு மாற்றாக வந்ததே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் நாட்டின் நிதியுதவியுடன் 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 மே 29 அன்று மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. மதிப்பீடு சுமார் 1,928 கோடி ரூபாய். ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்துச் சுத்திகரித்து, மடம் என்னும் ஊருக்கு மேலேற்றி, அங்கிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் நகரங்களுக்கும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கிராமக் குடியிருப்புகளுக்கும் குழாய் வழியே அனுப்புகிறார்கள். பள்ளத்தில் ஓடிய காவிரி, வயலுக்கு வராவிட்டாலும், குடத்துக்கு வந்துவிட்டது.

ஆயினும் குழாய் வந்ததோடு கதை முடியவில்லை. நாங்கள் தங்கிய மூன்று நாட்களில் ஒரு நாள் குழாயில் நீர் வரவில்லை. அன்று எல்லோரும் ஆழ்துளைக் கிணற்றுத் தொட்டியில்தான் பிடித்தார்கள். கொல்லையில் வேலை செய்பவர்கள் தாகத்துக்குக் கொல்லை மோட்டார் நீரையே குடிக்கிறார்கள். "குளிர்ச்சியா இனிப்பா இருக்குதே, இதுல என்ன கெடுதல்?" என்று கேட்கிறார்கள். ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, கெட்ட சுவையும் இல்லை என்பதே அதன் சூது.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனை கற்பிக்க ஏற்பாடு உண்டு. அவ்வூரில் பயிற்சி பெற்ற அக்கா ஒருவர் தம் பெட்டியைக் கொண்டுவந்து எங்களுக்குச் செய்து காட்டினார். சிவந்த மருந்துநீரைச் சொட்டினால், ஃபுளோரைடு இல்லாத நீர் செம்மையாகவே நிற்கும். ஃபுளோரைடு கூடக் கூட நிறம் வெளுத்து மஞ்சளாகும். குழாய் நீர் சிவந்து நின்றது. ஆழ்துளைக் கிணற்று நீர் எங்கள் கண் முன்னே மஞ்சளாயிற்று. அந்தப் பெண் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயாவின் இரண்டு குடங்கள்

அவ்வூரில் பெண்களின் நாள் விடியுமுன் தொடங்குகிறது. சாணம் தெளித்து, பால் கறந்து, கூழ் கரைத்து வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போகிறார்கள். களை எடுப்பதும் கதிர் அறுப்பதும் தூற்றுவதும் பெரும்பாலும் அவர்களே. ஆண்களில் பலர் கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும், பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூருக்கும் போய்விடுகிறார்கள். ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்குப் பத்துக் குடம் நீர் என்று கணக்கிட்டோம். அதில் ஒரு குடத்தைக்கூட ஆண்பிள்ளை சுமந்ததை நாங்கள் பார்க்கவில்லை. நீர் தூரமானால் முதலில் பள்ளிக்கு மட்டம் போடுபவள் வீட்டின் மூத்த பெண்ணே. 2011-இல் நம் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் பத்துக்கு ஆறு பேர்தாம் என்ற கணக்கைப் படித்திருக்கிறோம். அந்த மீதி நால்வரில் எத்தனை பேர் குடத்தோடு வரிசையில் நின்றவர்களோ!

ஆயா ஒரு வழி வைத்திருந்தார். அவர் வீட்டில் குடங்கள் இரண்டு வகை. ஒன்றின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதில் குழாயில் வரும் காவிரி நீர் மட்டும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதுவே. துணி கட்டாத குடத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, மாட்டுத் தொழுவம் கழுவ. குழாய் வராத நாளுக்கென்று இரண்டு சிவப்புத் துணிக் குடங்களை மூடி எடுத்துவைத்திருந்தார். "பேத்திக்கும் பேரனுக்கும் கறை வந்துருச்சு. இனி பொறக்குற பிள்ளைக்கு வரக் கூடாது" என்றார்.

மருத்துவ நூல்கள் கூறும் முறையும் இதுவே. ஃபுளோரைடு தோல் வழியே உடலில் சேராது. குடிப்பதாலும் உண்பதாலுமே சேரும். ஆகவே நல்ல நீர் இரண்டே குடம் கிடைத்தாலும் அதை வாய்க்கென்று ஒதுக்கினால் போதும்.

நாம் செய்யக்கூடியவை

மாணவியரே! படித்ததைப் பயனாக்காவிட்டால் படிப்பினால் என்ன பலன்? நம் வீடுகளில் இன்றே சொல்லக்கூடியவற்றைக் கீழே தொகுத்திருக்கிறோம்.

1. நீரைக் காய்ச்சினால் கிருமிகள் சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையும்போது அது இன்னும் செறிவாகும். துணியில் வடிகட்டுவதாலும் போகாது.

2. நம் வீட்டு நீரைப் பரிசோதிக்கச் சொல்லி ஊராட்சியில் கேட்போம். முடிவைத் தெருவார்க்கும் சொல்வோம்.

3. சிவப்புத் துணிக் குடம் ஒன்றை நம் வீட்டிலும் வைப்போம். கருவுற்ற தாய்மாருக்கும் எட்டு வயதுக்குட்பட்ட தம்பி தங்கையருக்கும் அந்நீரை முதலில் கொடுப்போம்.

4. மழை நீரில் ஃபுளோரைடு இல்லை எனலாம். ஓட்டுக் கூரையில் விழும் மழையைச் சுத்தமாகப் பிடித்து மூடி வைக்கலாம். எஞ்சியதை நிலத்தில் இறக்கலாம்.

5. சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் குறைந்தவர்களை இந்நோய் மிகுதியாக வாட்டும். முதலாவது கேழ்வரகில் இருக்கிறது. இரண்டாவது அதியமானின் நெல்லிக்கனியில் இருக்கிறது. இவை மருந்தாகா, நீரை மாற்றுவதே தீர்வு. ஆயினும் துணை செய்யும் உணவு நம் கொல்லையிலேயே விளைகிறது.

6. ஏரியை மறவாதிருப்போம். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்துப் பணியைப் புதுப்பித்தபோது பல ஏரிகள் தூர் வாரப்பட்டன. நாங்கள் கண்ட ஏரியின் ஓடையில் இன்னும் முள் நிற்கிறது. மேல்மட்ட நீர் ஊறினால்தான் பாதாளத்து நீரை நாடும் தேவை குறையும்.

ஊரார் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. அரூருக்கு அப்பால் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் துணைவியார் டாக்டர் லலிதாவும் மலைவாழ் மக்களுக்காகக் கூரைக் கொட்டகையில் மருத்துவப் பணி தொடங்கினார்கள். அங்குள்ள பெண்களே பயிற்சி பெற்று நலப் பணியாளர்கள் ஆனார்கள். உழவர்கள் சங்கம் அமைத்து இரசாயன உரமின்றிச் சிறுதானியம் விளைவிக்கிறார்கள். மருத்துவமனையில் தொடங்கிய வேலை வயலில் வந்து முடிந்தது. உணவும் நீரும் உடல்நலமும் ஒன்றே என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

முடிவுரை

மூன்றாம் நாள் மாலை புறப்பட்டோம். ஆயா எங்கள் பைகளில் அவரைக்காயும் ஒரு படி கேழ்வரகும் போட்டார். வேண்டாம் என்றதைக் கேட்கவில்லை. பேருந்து வரும் வரை அந்தப் பெண் எங்களோடு நின்றாள். எல்லோரும் சேர்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டோம். "சிரிங்க" என்று சொன்னபோது எங்கள் வகுப்பின் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வாயை மூடாமல் சிரித்தார்கள். அவளும் துப்பட்டாவை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

அப்படத்தை இம்மலரில் வெளியிடவில்லை. ஊராருக்குக் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும். ஆனால் எங்கள் வகுப்பறைச் சுவரில் அது இருக்கிறது. அதன் கீழே ஆயா கொடுத்த கேழ்வரகில் ஒரு பிடியைச் சிறு கண்ணாடிப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். மீதியை அரைத்துக் களி கிண்டினோம். கட்டி தட்டிப் போயிற்று. ஆனாலும் ஒருவரும் மறைத்து உண்ணவில்லை.